கால்பந்தின் பீட்டா டெஸ்டிங் மைதானம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இன்டர்நெட்டில் இருந்து ஏதாவது ஒரு சாப்ட்வேரை டவுன்லோடு செய்யும்போது, அதன் பெயருக்குப் பக்கத்தில் 'பீட்டா' என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள். கிரேக்க எழுத்து வரிசையில் முதல் எழுத்து ஆல்பா, இரண்டாவது எழுத்து பீட்டா. ஒரு சாப்ட்வேரை எழுதிய நிறுவனம் தன் அலுவலகத்துக்குள் வைத்துச் சோதிப்பது ஆல்பா டெஸ்டிங். அதற்கடுத்து, வெளியில் இருக்கும் உண்மையான பயனாளர்கள் சிலரிடம் கொடுத்து, அவர்கள் கையில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பது பீட்டா டெஸ்டிங்.

இந்த இரண்டாவது சோதனை எதற்கு? அலுவலகத்தில் எவ்வளவுதான் சோதித்தாலும், உண்மையான பயன்பாட்டில் வரும் சிக்கல்கள் அங்கே வராது. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் உள்ள பழைய பிரிண்டரோ, நீங்கள் அவசரத்தில் தட்டும் தவறான கீயோ சாப்ட்வேர் எழுதியவருக்குத் தெரியாது. எனவே வெளியே விட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஒரேயடியாகக் கோடிக்கணக்கான பேரிடம் விட்டுவிடவும் கூடாது. சிறிய இடமாக, அதே சமயம் உண்மையான இடமாக இருக்க வேண்டும்.

கால்பந்து விளையாட்டுக்கும் இப்படி ஒரு பீட்டா டெஸ்டிங் இடம் இருக்கிறது. அதுதான் ஃபிஃபா நடத்தும் கிளப் உலகக் கோப்பை. இன்று உலகக் கோப்பை ஆட்டங்களில் நீங்கள் டிவியில் பார்க்கும் கோல் லைன் டெக்னாலஜி, வீடியோ நடுவர், ஆஃப்சைடைக் கண்டுபிடிக்கும் கேமராக்கள் எல்லாமே அங்கே போவதற்கு முன் இந்தப் போட்டியில் ஓடிப் பார்த்தவைதான். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால், உங்கள் கம்ப்யூட்டரில் பீட்டா சாப்ட்வேரை எப்படிக் கையாள வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

எந்தப் போட்டி இது?

பிரேசில், அர்ஜென்டினா, ஜெர்மனி என்று நாடுகள் மோதும் உலகக் கோப்பை எல்லோருக்கும் தெரியும். கிளப் உலகக் கோப்பையில் நாடுகள் ஆடுவதில்லை. ரியல் மாட்ரிட், செல்சி, கொரிந்தியன்ஸ் போன்ற கிளப் அணிகள் ஆடுகின்றன. ஒவ்வொரு கண்டத்திலும் கிளப் அணிகளுக்குள் போட்டி நடந்து ஒரு சாம்பியன் வரும். அந்தக் கண்ட சாம்பியன்களை ஒரே இடத்தில் மோதவிட்டு உலக சாம்பியன் கிளப்பைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம்.

இதன் ஆரம்பம் 1960. அந்த ஆண்டு ஐரோப்பிய சாம்பியனான ரியல் மாட்ரிட்டும் தென் அமெரிக்க சாம்பியனான உருகுவேயின் பெனரோலும் மோதின. மான்டிவிடியோவில் நடந்த முதல் ஆட்டம் 0-0. மாட்ரிட்டில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் ரியல் மாட்ரிட் 5-1 என்று வென்றது. இந்த இரு கண்டப் போட்டிக்கு இன்டர்கான்டினென்டல் கோப்பை என்று பெயர். 1980-ஆம் ஆண்டுக் கோப்பையில் இருந்து ஜப்பானில் ஒரே ஆட்டமாக நடத்தப்பட்டது.

எல்லாக் கண்டங்களையும் சேர்த்து ஃபிஃபா முதலில் நடத்தியது 2000 ஜனவரியில், பிரேசிலில். 8 அணிகள் ஆடின. இறுதி ஆட்டத்தில் இரண்டுமே பிரேசில் அணிகள்! வாஸ்கோ ட காமாவைக் கொரிந்தியன்ஸ் பெனால்டி ஷூட் அவுட்டில் வென்றது. அடுத்த போட்டி 2001-இல் ஸ்பெயினில் நடக்க இருந்தது. ஃபிஃபாவின் மார்க்கெட்டிங் கூட்டாளியான ஐ.எஸ்.எல். நிறுவனம் திவாலானதும் அது ரத்தானது. 2005-இல் ஜப்பானில் மீண்டும் தொடங்கியது.

2005 இறுதி ஆட்டத்தில் பிரேசிலின் சாவோ பாவ்லோ 1-0 என்று இங்கிலாந்தின் லிவர்பூலை வென்றது. அந்த ஆட்டத்தில் லிவர்பூல் பந்தை மூன்று முறை வலைக்குள் அனுப்பியது. மூன்றும் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. ஒரு உலகப் பட்டம் நடுவரின் கண்ணையும் துணை நடுவரின் கொடியையும் மட்டுமே நம்பி இருந்த காலம் அது.

ஏன் இங்கே சோதிக்கிறார்கள்?

ஒரு சாப்ட்வேர் இன்ஜினியராகப் பார்த்தால் பீட்டா டெஸ்டிங்குக்கு இதைவிடப் பொருத்தமான போட்டி கிடைக்காது. 2014, 2018, 2022 உலகக் கோப்பைகளில் தலா 64 ஆட்டங்கள் நடந்தன. பழைய கிளப் உலகக் கோப்பையில் 7 அல்லது 8 ஆட்டங்கள்தான். ஸ்டேடியங்களும் பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான். கேமராவைப் பொருத்தவும், கேபிள் இழுக்கவும், நடுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் வசதி.

அதே சமயம் இது பயிற்சி ஆட்டம் அல்ல. கோப்பை உண்டு, பரிசுப் பணம் உண்டு. வீரர்கள் உயிரைக் கொடுத்து ஆடுவார்கள், நடுவரிடம் சண்டை போடுவார்கள், அரங்கில் கூட்டம் இரையும். இந்த நெருக்கடியில் ஒரு கருவி தாக்குப்பிடிக்கிறதா என்பதுதான் சோதனை.

2007: பந்துக்குள் ஒரு சிப்

கால்பந்தில் ஒரு விதி உண்டு. பந்து முழுவதும் கோல் கோட்டை முழுவதுமாகத் தாண்டினால்தான் கோல். பந்தின் விட்டம் ஏறக்குறைய 22 செ.மீ. கோட்டின் அகலம் அதிகபட்சம் 12 செ.மீ. பந்தின் ஓரம் ஒரு நூல் அளவு கோட்டின் மேல் இருந்தாலும் கோல் இல்லை. வேகமாக வந்து, கம்பத்தில் பட்டு, தரையில் குத்தி வெளியே வரும் பந்தில் இதைக் கண்ணால் தீர்மானிப்பது எப்படி?

2007-இல் ஜப்பானில் நடந்த கிளப் உலகக் கோப்பையில் இதற்கு ஒரு விடை சோதிக்கப்பட்டது. அடிடாஸ் நிறுவனமும் ஜெர்மனியின் கைரோஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய சிஸ்டம் அது. பெனால்டி பகுதியின் தரைக்கு அடியிலும் கோல் கோட்டுக்குப் பின்னாலும் மெல்லிய கம்பிகளைப் பதித்து, அவற்றில் மின்சாரம் செலுத்தி ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கினார்கள். பந்துக்குள் ஒரு சென்சார். பந்து அந்தப் புலத்துக்குள் வரும்போது சென்சார் அதை அளந்து ரேடியோ மூலம் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். பந்து கோட்டைத் தாண்டிவிட்டது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்தால் நடுவரின் கைக்கடிகாரத்துக்குச் செய்தி போகும்.

சோதனை முடிந்தது. ஆனால் கால்பந்தின் விதிகளை எழுதுவது ஃபிஃபா மட்டும் அல்ல. 1886-இல் தொடங்கப்பட்ட சர்வதேச கால்பந்துச் சங்க வாரியம் என்ற அமைப்புதான் விதிகளை மாற்ற முடியும். அதில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து சங்கங்களுக்குத் தலா ஒரு ஓட்டு, ஃபிஃபாவுக்கு 4 ஓட்டு. மொத்தம் 8-இல் 6 கிடைத்தால்தான் எதுவும் நிறைவேறும். இந்த வாரியம் 2008 மார்ச்சில் கூடி, கோல் லைன் சோதனைகளை நிறுத்தி வைத்தது. 2010 மார்ச்சிலும் வேண்டாம் என்றே முடிவு செய்தது. கம்ப்யூட்டர் மொழியில் சொன்னால், பீட்டா வெர்ஷன் வெளியானது, ரிலீஸ் ஆகவில்லை.

2010: காணாமல் போன கோல்

வேண்டாம் என்று சொல்லி நான்கு மாதம்கூட ஆகவில்லை. 2010 ஜூன் 27, தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபான்டைன் நகரம். உலகக் கோப்பையில் ஜெர்மனியும் இங்கிலாந்தும் ஆடிக்கொண்டிருந்தன. ஜெர்மனி 2-1 என்று முன்னிலை. இங்கிலாந்தின் ஃபிராங்க் லாம்பார்டு அடித்த பந்து மேல் கம்பத்தில் பட்டு, கோட்டுக்கு உள்ளே நன்றாகத் தள்ளிக் குத்தி, வெளியே துள்ளி வந்தது. டிவியில் பார்த்த அத்தனை பேருக்கும் அது கோல் என்று தெரிந்தது. நடுவருக்கும் துணை நடுவருக்கும் தெரியவில்லை. 2-2 ஆக வேண்டிய ஆட்டம் 4-1 என்று ஜெர்மனிக்குச் சாதகமாக முடிந்தது.

அன்றைய ஃபிஃபா தலைவர் செப் பிளாட்டர் இங்கிலாந்திடம் வருத்தம் தெரிவித்தார். கிடப்பில் போட்ட ஃபைல் மீண்டும் திறக்கப்பட்டது. 2012 ஜூலை 5 அன்று வாரியம் கோல் லைன் டெக்னாலஜிக்கு அனுமதி கொடுத்தது. முதலில் எங்கே பயன்படுத்துவது என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருந்தது.

2012: இரண்டு ஸ்டேடியம், இரண்டு டெக்னாலஜி

2012 டிசம்பரில் கிளப் உலகக் கோப்பை ஜப்பானின் இரண்டு ஸ்டேடியங்களில் நடந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு டெக்னாலஜி பொருத்தப்பட்டது.

யோகஹாமா ஸ்டேடியத்தில் 'கோல்ரெஃப்'. இது ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் உருவானது. கோல் கம்பங்களைச் சுற்றி காந்தப் புலம், பந்துக்குள் செம்புக் கம்பிச் சுருள். பந்து கோட்டைத் தாண்டும்போது புலத்தில் ஏற்படும் மாற்றத்தை ஆன்டெனாக்கள் பிடித்துவிடும். பந்தின் மேல் பத்து வீரர்கள் விழுந்து கிடந்தாலும் இதற்குக் கவலை இல்லை. காரணம், இது 'பார்ப்பது' இல்லை, உணர்கிறது.

டொயோட்டா ஸ்டேடியத்தில் 'ஹாக்-ஐ'. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது பழைய நண்பர். எல்.பி.டபிள்யூ. அப்பீலின்போது பந்தின் பாதையைக் கோடு போட்டுக் காட்டுவது இதுதான். கால்பந்தில் ஒவ்வொரு கோலையும் குறிவைத்துப் பல அதிவேகக் கேமராக்கள் இருக்கும். வெவ்வேறு கோணத்தில் எடுத்த படங்களை ஒப்பிட்டு, பந்து சரியாக எந்த இடத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். இது பள்ளியில் படித்த முக்கோணவியல் கணக்குதான்.

முறை எதுவானாலும் முடிவு ஒன்றுதான். கோல் விழுந்த ஒரு விநாடிக்குள் நடுவரின் கடிகாரம் அதிரும், திரையில் கோல் என்று வரும். தகவல் நடுவருக்கு மட்டும்தான் போகும். ஆட்டம் நிற்பதில்லை.

டிசம்பர் 6 அன்று யோகஹாமாவில் முதல் ஆட்டம். ஜப்பானின் சான்ஃபிரெச்சே ஹிரோஷிமா 1-0 என்று நியூசிலாந்தின் ஆக்லாந்து சிட்டியை வென்றது. இறுதியில் கொரிந்தியன்ஸ் 1-0 என்று செல்சியை வென்று கோப்பையைக் கொண்டுபோனது. சோதனை அமைதியாக முடிந்தது. நல்ல சாப்ட்வேரின் அடையாளமும் அதுதானே, இருப்பதே தெரியக் கூடாது!

2014 உலகக் கோப்பையில் கோல் லைன் டெக்னாலஜி முழுமையாக வந்தது. அங்கே 'கோல்கன்ட்ரோல்' என்ற ஜெர்மன் சிஸ்டம், கோல் ஒன்றுக்கு 7 வீதம் 14 கேமராக்களுடன் வேலை செய்தது. பிரான்ஸ் - ஹோண்டுராஸ் ஆட்டத்தில் கம்பத்தில் பட்டு கோல்கீப்பர் மேல் மோதிய பந்து கோட்டைத் தாண்டியதை அது சொன்னது. லாம்பார்டுக்குக் கிடைக்காத நியாயம் நான்கு ஆண்டு கழித்துக் கிடைத்தது.

செய்து பாருங்கள்

கேமரா ஏன் இவ்வளவு வேகமாக இருக்க வேண்டும் என்பதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். வி.எல்.சி. பிளேயர் என்ற இலவச சாப்ட்வேரை அதன் அதிகாரபூர்வ தளத்தில் இருந்து இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். வீட்டு மாடியில் உங்கள் பிள்ளை பந்து விளையாடுவதை செல்போனில் எடுத்து, கம்ப்யூட்டரில் காப்பி செய்து, வி.எல்.சி.யில் திறந்து ஓடவிடுங்கள்.

1. பந்தை உதைக்கும் நேரத்தில் ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். படம் நிற்கும்.

2. கீபோர்டில் ஆங்கில 'இ' எழுத்துள்ள கீயைத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரே ஒரு படம் நகரும். இந்த ஒரு படத்துக்குத்தான் ஃபிரேம் என்று பெயர்.

3. ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் இடையே பந்து எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கவனியுங்கள். இடையில் இருந்த இடங்களில் பந்தை எந்தப் படமும் பிடிக்கவில்லை.

4. மீண்டும் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் வீடியோ பழையபடி ஓடும்.

இப்போது கணக்குப் போடுங்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் பந்து ஒரு விநாடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடக்கும். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால், இரண்டு ஃபிரேமுக்கு இடையே பந்து 1.1 மீட்டர் போய்விடும். கோட்டுக்கு முன்னால் ஒரு படம், கம்பத்தில் பட்டுத் திரும்பிய பிறகு ஒரு படம் என்று ஆகிவிட்டால் கோலா இல்லையா என்று யார் சொல்வது? அதே இடத்தில் விநாடிக்கு 500 ஃபிரேம் எடுத்தால் இடைவெளி 6 செ.மீ.க்கும் குறைவு. அதிவேகக் கேமராவின் தேவை இதுதான்.

2016: கம்ப்யூட்டர் திரையில் இருந்து வந்த பெனால்டி

கோல் லைன் கேள்விக்கு ஆம், இல்லை என்று இரண்டு விடைதான். கம்ப்யூட்டருக்கு மிகவும் பிடித்த வகைக் கேள்வி. ஆனால் ஒரு வீரர் இன்னொருவரைத் தடுக்கி விழவைத்தாரா, அது வேண்டுமென்றே செய்ததா என்பதெல்லாம் அப்படிப்பட்ட கேள்விகள் அல்ல. மனிதர்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதற்காக வந்ததுதான் வீடியோ உதவி நடுவர், சுருக்கமாக வி.ஏ.ஆர். ஒரு அறையில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நடுவர், தெளிவான தவறு நடந்தால் மைதானத்தில் இருப்பவருக்கு இயர்போனில் சொல்வார்.

நெதர்லாந்தில் இதைச் சிறிய அளவில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஃபிஃபாவின் போட்டி ஒன்றில் முதலில் வந்தது 2016 டிசம்பரில், ஜப்பானில் நடந்த கிளப் உலகக் கோப்பையில்தான்.

டிசம்பர் 14, ஒசாகாவை அடுத்த சுய்தா ஸ்டேடியத்தில் அரையிறுதி. ஒரு பக்கம் போட்டியை நடத்தும் நாட்டின் சாம்பியனான கஷிமா ஆன்ட்லர்ஸ். மறுபக்கம் தென் அமெரிக்க சாம்பியனான கொலம்பியாவின் அத்லெடிகோ நசியோனல்.

நசியோனல் அணி அப்போது எந்த மனநிலையில் ஜப்பான் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்னால், நவம்பர் 28 அன்று, அவர்களோடு கோப்பா சுடமெரிகானா இறுதி ஆட்டம் ஆடுவதற்காகக் கொலம்பியாவுக்கு வந்துகொண்டிருந்த பிரேசிலின் சாப்பெகோயென்ஸ் அணியின் விமானம் மெடயின் நகருக்கு அருகே விழுந்து நொறுங்கியது. அந்த அணியின் பெரும்பாலான வீரர்கள் இறந்துவிட்டார்கள். கோப்பையைச் சாப்பெகோயென்ஸுக்கே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்ட அணி நசியோனல். அப்படிப்பட்ட அணிதான் அன்று மைதானத்தில் இருந்தது.

ஆட்டம் தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருக்கும். கஷிமாவுக்கு ஒரு ஃப்ரீ கிக். பந்து பெனால்டி பகுதிக்குள் வந்தபோது கஷிமாவின் டைகோ நிஷி கீழே விழுந்தார். நடுவர் விக்டர் கசாய் ஹங்கேரி நாட்டுக்காரர். அவர் அதைக் கவனிக்கவில்லை. ஆட்டம் தொடர்ந்தது. வீடியோ அறையில் இருந்தவர்கள் கவனித்தார்கள், சொன்னார்கள். ஆட்டத்தை நிறுத்திய கசாய் மைதான ஓரத்தில் இருந்த மானிட்டருக்கு ஓடினார், பார்த்தார், திரும்பி வந்து பெனால்டி என்று கை காட்டினார். நசியோனலின் ஒர்லாண்டோ பெர்ரியோ தடுக்கியது அதில் தெரிந்தது. ஷோமா டோய் பெனால்டியைக் கோலாக்கினார். கடைசியில் கஷிமா 3-0 என்று வென்றது. ஆசியக் கிளப் ஒன்று இந்தப் போட்டியின் இறுதிக்குள் நுழைந்தது அதுவே முதல் முறை.

முடிவு சரியா? தடுக்கியது உண்மை. ஆனால் ஃப்ரீ கிக் அடித்த நேரத்தில் நிஷி ஆஃப்சைடு நிலையில் நின்றதும் ரீப்ளேயில் தெரிந்தது. பந்துக்காக எதிராளியோடு போட்டியிடும் நிலையில் அவர் இல்லை, அதனால் அது ஆஃப்சைடு குற்றம் ஆகாது என்று ஃபிஃபா விளக்கம் கொடுத்தது. அரையிறுதியில் தோற்று நின்ற நசியோனல் வீரர்களுக்கு அந்த விளக்கம் எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த பீட்டா கொடுத்த பக் ரிப்போர்ட்

சாப்ட்வேரில் உள்ள குறையை 'பக்' என்பார்கள். பீட்டா டெஸ்டிங்கின் பலனே பக் ரிப்போர்ட்தான். 2016 போட்டி மூன்று முக்கியமான பக்குகளைக் காட்டியது.

முதலாவது, என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் நடந்த இன்னொரு அரையிறுதியில் மெக்ஸிகோவின் அமெரிக்கா அணியை எதிர்த்து ரியல் மாட்ரிட்டின் ரொனால்டோ கடைசி நிமிடங்களில் கோல் அடித்தார். கோல் உண்டா இல்லையா என்று குழப்பம், பிறகு உண்டு என்று முடிவு. வென்ற அணியின் பயிற்சியாளர் ஜிடானே இது குழப்பம் தருகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். அரங்கில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்களின் நிலை இன்னும் மோசம். நடுவர் எதற்காக மானிட்டரைப் பார்க்கிறார் என்றே அவர்களுக்குத் தெரியாது.

இரண்டாவது, ஆஃப்சைடு. வீடியோவை நிறுத்தி, கோடு போட்டு, கண்ணால் பார்த்து முடிவு செய்ய நேரம் பிடிக்கிறது. எந்த ஃபிரேமில் நிறுத்துவது என்பதும் சிக்கல்.

மூன்றாவது, எதையெல்லாம் வீடியோ நடுவர் பார்க்கலாம் என்ற எல்லை. அன்றைய விதிப்படி கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் ஆகிய நான்கு மட்டும்தான். டிசம்பர் 18 இறுதி ஆட்டத்தில் ரியல் மாட்ரிட்டும் கஷிமாவும் 2-2 என்று சமமாக இருந்தபோது, ஏற்கெனவே ஒரு மஞ்சள் அட்டை வாங்கியிருந்த செர்ஜியோ ராமோஸ் மறுபடி தவறு செய்தார். நடுவரின் கை அட்டையை எடுக்கப் பாக்கெட்டுக்குப் போனது, பிறகு வெறுங்கையாகத் திரும்பியது. இரண்டாவது மஞ்சள் அட்டை அந்த நான்கில் இல்லை. ராமோஸ் தொடர்ந்து ஆடினார். கூடுதல் நேரத்தில் ரியல் மாட்ரிட் 4-2 என்று வென்றது. கம்ப்யூட்டருக்கு எந்த வேலையைக் கொடுத்திருக்கிறோமோ அதை மட்டும்தான் அது செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

2018 மார்ச்சில் வாரியம் வி.ஏ.ஆருக்கு முழு அனுமதி அளித்தது. அந்த ஆண்டு ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையில் அது பயன்படுத்தப்பட்டது. ஆனால் பக்குகளைச் சரிசெய்யும் வேலை தொடர்ந்தது. அதுவும் இதே போட்டியில்தான்.

பேட்ச் 1: ஆஃப்சைடு

வெளியான சாப்ட்வேரில் குறையைச் சரிசெய்யக் கொடுக்கும் சிறு புரோகிராமை 'பேட்ச்' என்பார்கள். ஆஃப்சைடுக்கான பேட்ச், 2021-ஆம் ஆண்டுக்கான கிளப் உலகக் கோப்பையில் சோதிக்கப்பட்டது. அது 2022 பிப்ரவரியில் அபுதாபியில் நடந்தது. அதற்குச் சில வாரம் முன்பு கத்தாரில் நடந்த அரபுக் கோப்பையிலும் இதைப் பார்த்திருந்தார்கள்.

2022 உலகக் கோப்பைக்கு வந்தபோது இதன் முழு வடிவம் இப்படி இருந்தது. ஸ்டேடியக் கூரைக்கு அடியில் 12 கேமராக்கள். அவை ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை விநாடிக்கு 50 முறை குறித்துக்கொள்ளும். பந்தின் நடுவில் ஒரு சென்சார். அது விநாடிக்கு 500 முறை தகவல் அனுப்பும். பந்து எந்தக் கணத்தில் உதைக்கப்பட்டது என்பது சென்சாரில் இருந்து கிடைக்கும், அந்தக் கணத்தில் யார் எங்கே நின்றார் என்பது கேமராவில் இருந்து கிடைக்கும். இரண்டையும் சேர்த்தால் விடை.

இதன் பெயரில் 'பாதி தானியங்கி' என்று ஒரு சொல் உண்டு. அது முக்கியம். கம்ப்யூட்டர் எச்சரிக்கை மட்டும் கொடுக்கும். வீடியோ அறையில் உள்ள மனிதர் சரிபார்த்த பிறகுதான் முடிவு. உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், மூன்றாவது நிமிடத்திலேயே ஈக்வடாரின் என்னர் வலென்சியா அடித்த கோலை இது செல்லாததாக்கியது.

பேட்ச் 2: சொல்லிவிட்டுச் செய்யுங்கள்

2023 பிப்ரவரி 1, மொராக்கோவின் டான்ஜியர் நகரம். கிளப் உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் எகிப்தின் அல் அஹ்லியும் ஆக்லாந்து சிட்டியும் ஆடின. வீடியோவைப் பார்த்துவிட்டு வந்த சீன நடுவர் மா நிங், தன் முடிவை மைக்கில் அறிவித்தார். அரங்கு முழுவதும் கேட்டது. அதே ஆண்டு மகளிர் உலகக் கோப்பையிலும் இந்த முறை வந்தது.

2025-இல் அமெரிக்காவில் போட்டியே பெரிதாகிவிட்டது. 32 அணிகள், 63 ஆட்டங்கள். நடுவர் மானிட்டரில் பார்க்கும் அதே காட்சியை அரங்கின் பெரிய திரையிலும் காட்டினார்கள். நடுவரின் காதருகே ஒரு சிறிய கேமராவைப் பொருத்தி, அவர் பார்க்கும் கோணத்தை டிவியில் காட்டினார்கள். வீரர்களை மாற்றுவதற்குத் துண்டுச் சீட்டுக்குப் பதிலாக டேப்லெட் வந்தது. இறுதி ஆட்டத்தில் செல்சி 3-0 என்று பாரிஸ் செயின்ட் ஜெர்மைனை வென்றது. 2016-இல் கிடைத்த முதல் பக் சரியாக ஒன்பது ஆண்டுகள் ஆயின!

டெஸ்டர்களுக்கு என்ன கிடைக்கும்?

ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? 2012-இல் கோல் லைன் டெக்னாலஜி வந்த முதல் ஆட்டத்திலும், 2023-இல் மைக் அறிவிப்பு வந்த முதல் ஆட்டத்திலும் ஆக்லாந்து சிட்டி இருந்தது. இது தற்செயல் மட்டும் அல்ல. பழைய முறையில் ஓசியானியாவின் சாம்பியன்தான் முதல் ஆட்டத்தில் இறங்க வேண்டும். ஆகவே புதிதாக எது வந்தாலும் முதலில் அவர்கள் மேல்தான் ஓடும்.

அந்த அணி வீரர்கள் பெரும்பாலும் பகலில் வேறு வேலை பார்த்து, மாலையில் பயிற்சி செய்பவர்கள். 2025-இல் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் அவர்களை 10-0 என்று நொறுக்கியது. ஆனாலும் கடைசி ஆட்டத்தில் அர்ஜென்டினாவின் புகழ்பெற்ற போகா ஜூனியர்ஸோடு 1-1 என்று டிரா செய்தார்கள். கோல் அடித்த கிறிஸ்டியன் கிரே ஆசிரியர் பணிக்குப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர்.

'இது சின்னப் போட்டி, தப்பு வந்தாலும் பரவாயில்லை' என்று சோதிப்பவர் நினைக்கலாம். ஆனால் அந்த ஆக்லாந்து வீரருக்கு வாழ்க்கையிலேயே பெரிய போட்டி அதுதான். நசியோனலுக்கு அந்த அரையிறுதி மறுபடி வராது. பீட்டா என்று பெயர் வைத்தாலும் இழப்பு உண்மையானது. எனவே சோதிப்பவருக்கு ஒரு கடமை உண்டு. கிடைத்த பக் ரிப்போர்ட்டைக் குப்பையில் போடக் கூடாது. 2007 ரிப்போர்ட்டைக் கிடப்பில் போட்டதன் விலையை 2010-இல் லாம்பார்டு கொடுத்தார். 2016 ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வேலை செய்ததன் பலனை இன்று எல்லோரும் அனுபவிக்கிறார்கள்.

உங்கள் கம்ப்யூட்டருக்கு

அடுத்த முறை ஒரு பீட்டா சாப்ட்வேரை டவுன்லோடு செய்யும் முன் இவற்றை மனதில் வையுங்கள்.

* வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர், அதில்தான் பிள்ளையின் புராஜெக்டும் வீட்டுக் கணக்கும் குடும்பப் போட்டோக்களும் இருக்கின்றன என்றால், அதில் பீட்டாவை இன்ஸ்டால் செய்யாதீர்கள். பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால் அதில் செய்து பாருங்கள்.

* செய்தே ஆக வேண்டும் என்றால், முதலில் முக்கியமான ஃபைல்களைப் பென் டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் 'சிஸ்டம் ரீஸ்டோர்' வசதியில் ஒரு ரீஸ்டோர் பாயின்டும் போட்டு வையுங்கள்.

* சாப்ட்வேர் தரும் எச்சரிக்கை வெறும் எச்சரிக்கைதான். 'இந்த ஃபைலை அழிக்கலாமா?' என்று அது கேட்டால், என்ன ஃபைல் என்று பார்த்து முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள். அங்கே நடுவர் நீங்கள்தான்.

* ஏதாவது தவறு நடந்தால் திட்டிவிட்டு அழிக்காமல், என்ன செய்தபோது நடந்தது என்று குறித்து, அந்த சாப்ட்வேரின் தளத்தில் தெரிவியுங்கள். உங்களுக்குப் பின் வரும் பயனாளருக்கு அந்தத் தொல்லை வராது.

இனி டிவியில் கால்பந்து ஆட்டம் ஓடும்போது, நடுவர் காதில் விரலை வைத்து நின்றால் உங்கள் பிள்ளைக்கு விளக்குங்கள். அங்கே இயர்போனுக்கு மறுமுனையில் கம்ப்யூட்டர்களும், அவற்றைச் சரிபார்க்கும் மனிதர்களும் இருக்கிறார்கள். இதெல்லாம் எங்கே முதலில் சோதிக்கப்பட்டது என்பதும் இப்போது உங்களுக்குத் தெரியும்.